சார்ஜ் ஏறுது, கம்ப்யூட்டர்ல காட்டலையா? போனைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டையில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, மகளின் வளைகாப்புப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்திருக்கிறார். கேபிள் மாட்டினால் சார்ஜ் ஏறுகிறது. கம்ப்யூட்டரில் போன் தெரியவே இல்லை. பக்கத்து சர்வீஸ் கடையில் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. "போர்டு கம்ப்ளைன்ட்டுக்கா. யூஎஸ்பி ஐசி போயிட்சி, மாத்துனாதான் உண்டு." 3,200 ரூபாய் கொடுத்தார். மறுநாள் போன் கைக்கு வந்தபோது உள்ளே ஒரு படம்கூட இல்லை. "சாஃப்ட்வேர் போட்டோம்க்கா, ரீசெட் ஆவத்தான் செய்யும்" என்றார்களாம். அழிந்த படங்களை எடுத்துக் கொடுக்க இன்னும் 2,500 கேட்டிருக்கிறார்கள்.

ஐசி என்பது போர்டில் ஒட்டியிருக்கும் சின்ன சிப். அதை மாற்றியிருந்தால் அதற்கான தடம் இருக்கும். பின்மூடியைச் சூடு காட்டித் திறக்க வேண்டும், போர்டைக் கழற்ற வேண்டும், மேலே இருக்கும் தகர மூடியை எடுத்து ஹாட் ஏர் அடிக்க வேண்டும், பற்றவைக்கும்போது தடவும் ஃபிளக்ஸ் பசையின் கறை பிசுபிசுவென்று நிற்கும். அக்காவின் சம்மதத்தோடு போனைத் திறந்து பார்த்ததில் கம்பெனிப் பசை சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. ஸ்க்ரூ மேல் ஒட்டிய சின்ன வெள்ளை ஸ்டிக்கர் கிழியவில்லை. அந்தப் போனைக் கடையில் யாரும் திறக்கவே இல்லை.

கோளாறு அவர் வீட்டுக் கேபிளில்தான் இருந்தது. அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு, கருப்பு என்று இரண்டே கம்பி. சிவப்பில் 5 வோல்ட் வரும், கருப்பு கிரவுண்ட். ஃபைல் போக வேண்டுமானால் பச்சை, வெள்ளை என்று இன்னும் இரண்டு கம்பி வேண்டும். அவை இல்லாத கேபிள் சார்ஜுக்கு மட்டும்தான். விலை குறைந்த கேபிள்களில் இது நிறைய. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பவர் பேங்க்கோடு வரும் குட்டைக் கேபிளிலும் இதே கதைதான். அதனால் முதல் வேலை, போனோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுப்பது. கிடைக்காவிட்டால், வேறொருவர் போனில் ஃபைல் மாற்றிக் காட்டிய கேபிளை வாங்கி மாட்டிப் பாருங்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். சிபியு முன்பக்கத்து போர்ட் வேண்டாம். அது உள்ளே ஒரு நீள வயரில் தொங்குகிறது, பல கேபினெட்டில் அந்த வயரே சரியாகப் பொருந்தியிருக்காது. பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டுங்கள். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் எதுவும் நடுவில் வேண்டாம்.

மாட்டியதும் போனின் லாக்கை எடுத்துவிட்டு மேலிருந்து திரையை இழுத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் வழக்கமாக "யூஎஸ்பி மூலம் சார்ஜ் ஆகிறது" என்ற நிலையிலேயே நிற்கும். அந்த வரியைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று மாற்றினால்தான் கம்ப்யூட்டர் உள்ளே பார்க்க முடியும். யூஎஸ்பி என்று சொல்லும் அந்த அறிவிப்பு வருகிறது என்றாலே பெரும்பாலும் டேட்டா கம்பியும் போர்ட்டும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் எவராவது "ஐசி போச்சு" என்றால் நம்பாதீர்கள். வெறும் பேட்டரி அடையாளம் மட்டும் வந்தால் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகப்படுங்கள்.

கம்ப்யூட்டர் "டிங்" என்று சத்தம் கொடுத்தும் போன் தெரியவில்லையா? அது பெரும்பாலும் விண்டோஸ் டிரைவர், அதாவது போனைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் மென்பொருள் விஷயம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு போன் பெயரோ எம்டிபி (போனிலிருந்து ஃபைல் மாற்றும் முறை) என்றோ இருக்கும். அதில் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மி பிக் என்று போய் "எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் 'என்' என்று முடியும் பதிப்பு போட்டிருந்தால் மீடியா ஃபீச்சர் பேக் தனியாகச் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் எந்தக் கேபிள் மாட்டினாலும் பலன் இல்லை.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் இருப்பவர்கள் போர்ட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்காற்றின் உப்பு, சட்டைப்பை பஞ்சு இரண்டும் சேர்ந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். கேபிள் முழுதாக உள்ளே போய் 'டக்' என்று உட்காராது. சார்ஜ் ஏறும், டேட்டா முனை மட்டும் தொடாது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊக்கு, ஊசி கூடவே கூடாது. டைப் சி போர்ட்டின் நடுவில் இருக்கும் நாக்கு மெல்லியது, உடைந்தால் அப்போதுதான் நிஜமாகவே செலவு. பச்சைக் களிம்பு தெரிந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால், அடுத்தது சிசி போர்டு. போனின் அடியில் இருக்கும் சின்ன சார்ஜிங் போர்டுதான் அது. பல மாடல்களில் தனியாகக் கழற்றி மாற்றலாம். ஏற்கெனவே ஒருமுறை மாற்றிய போனாக இருந்தால், டூப்ளிகேட் சிசி போர்டு சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொண்டு டேட்டாவை விடாமல் இருப்பதும் உண்டு. மெயின் போர்டு கடைசியில்தான் வரும்.

ஐபோனில் கதை வேறு. "ட்ரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்" என்று கேட்கும்போது ஒப்புக்கொண்டு பாஸ்கோடு போட வேண்டும். பாதியில் நின்று பிழைச் செய்தி வந்தால், போட்டோஸ் செட்டிங்ஸில் "டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி" என்பதை "கீப் ஒரிஜினல்ஸ்" ஆக்குங்கள். ஐகிளவுடில் "ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்" போட்டிருந்தால் முழுப் படம் போனில் இல்லாமல் இருக்கலாம், அப்போது கேபிளில் வரவும் வராது.

படம் போன் மெமரியில் டிசிஐஎம் ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் புதிய ஆண்ட்ராய்டுகளில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்ற வழியில் உள்ளே இருக்கும். கட் செய்து பேஸ்ட் செய்யவே செய்யாதீர்கள். நடுவில் கேபிள் அசைந்தால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். காபி செய்து, எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, நாலு படத்தைத் திறந்தும் பார்த்த பிறகு போனில் அழியுங்கள். பெரிய வீடியோவைப் பென் டிரைவில் போடும்போது 4 ஜிபிக்கு மேல் ஏறவில்லை என்றால் டிரைவ் ஃபேட் 32 ஃபார்மேட்டில் இருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேபிளே வேண்டாம் என்றால் லோக்கல்சென்ட் என்ற ஆப் இலவசம். போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் போட்டு, இரண்டையும் ஒரே வைஃபையில் சேர்த்தால் போதும். கெஸ்ட் வைஃபையில் ஒன்றையொன்று காணாமல் போகலாம். புளூடூத்தில் ஒரு ஜிபி அனுப்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இனி அந்த 2,500 ரூபாய். ஆண்ட்ராய்டு 10-ஓடும் அதற்குப் பிறகும் வந்த போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. ரீசெட் செய்த நொடியில் அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த ரெக்கவரி சாஃப்ட்வேராலும் படம் வராது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பது பச்சைப் பொய். அந்த அக்காவுக்குக் கொஞ்சம் படம் திரும்பக் கிடைத்தது வாட்ஸ்அப்பில், சொந்தக்காரர்களுக்கு அவர் அனுப்பியவை. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஓடியிருந்ததா என்றும் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். லாக் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்ஸலில் ரிப்பேர் மோடு இருக்கிறது; போட்டுவிட்டால் உங்கள் படங்களை அவர்கள் பார்க்க முடியாது. "என்னைக் கேட்காமல் ரீசெட் செய்யக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாங்கி வந்ததும் செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங் (கம்ப்யூட்டரிலிருந்து போனைக் கட்டுப்படுத்த விடும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அக்காவுக்குக் கடையில் கொடுத்தது தேதிகூட இல்லாத ஒரு துண்டுச்சீட்டு, "போர்டு 3200" என்று மட்டும். ஆனால் பணத்தைப் போனிலிருந்து அனுப்பியிருந்ததால் தேதி, நேரம், தொகை எல்லாம் பேங்க் கணக்கில் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் துண்டுச்சீட்டையும், கிழியாத ஸ்டிக்கரின் படத்தையும் சேர்த்துத்தான் புகார் எழுதியிருக்கிறார்.