பலசாலி ரொபேரின் தந்தை யார்: ரிஷேரா, லோர்ஷ் ஆவணங்களா?

987-இல் பிரான்சில் அரியணை ஏறிய கப்பேசியர்களின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடினால், 866-இல் பிரிசார்த்தில் வைக்கிங்குகளோடு போரிட்டு மாண்ட பலசாலி ரொபேர் வரைக்கும் வழி தெளிவு. அதற்கு மேலே போக இரண்டு பாதைகள்.

ஒன்று, ரிஷேர் என்ற துறவி எழுதிய வரலாற்று நூல். ரொபேரின் தந்தை விட்டிகின், ஜெர்மானிய தேசத்திலிருந்து வந்தவர் என்று நேராகப் பெயரே சொல்கிறது. ஆனால் ரிஷேர் எழுதியது 990-களில், ரொபேர் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழித்து. அவர் கைப்பட எழுதிய பிரதியே ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் இருக்கிறது, அதில் அவரே அடித்துத் திருத்திய இடங்களைப் பார்த்தால் ஆளையும் பதவியையும் தன் தேவைக்கு மாற்றத் தயங்காதவர் என்று புரியும்.

இன்னொன்று, ரைன் நதிப் பக்கத்து லோர்ஷ் மடத்தின் தானப் பத்திரங்கள், 12-ஆம் நூற்றாண்டில் நகலெடுக்கப்பட்டவை, 3,800-க்கும் மேல். 764-இல் மடத்தை நிறுவியவர்கள் கான்கோர் பிரபுவும் அவர் தாய் வில்லிஸ்விந்தாவும். அவளுடைய மறைந்த கணவர் பெயர் ரொபேர், பிறகும் அந்தக் குடும்பத்தில் ரொபேர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. குடும்பப் பெயரே இல்லாத காலத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுதான் நமக்குக் கிடைக்கும் கயிறு. இதை வைத்துத்தான் 1936-இல் கார்ல் குளோக்னர் என்ற வரலாற்றாய்வாளர் பலசாலி ரொபேரை இந்தக் குடும்பத்தோடு இணைத்தார்.

இன்னார் மகன் இன்னார் என்ற நேரடி வரி இதில் இல்லை, அது பெரிய குறைதான். ஆனாலும் நான் லோர்ஷ் பக்கமே நிற்பேன்: நிலம் கொடுத்தவனும் சாட்சி நின்றவனும் அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள், யாரும் பின்னால் உட்கார்ந்து அவர்களுக்கு வம்சம் ஜோடிக்கவில்லை. விட்டிகினை வம்ச வரைபடத்தில் போட்டே ஆகவேண்டும் என்றால் புள்ளிக்கோட்டில் போடுங்கள்.