மொரோவிண்ட் முதல் ஸ்கைரிம் வரை: வழி கேட்கத் தேவையில்லாமல் போன கேம்கள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கேம் வரிசையில் மொரோவிண்ட் (2002), ஒப்ளிவியன் (2006), ஸ்கைரிம் (2011) மூன்றும் என் கொம்பியூட்டரை விட்டுப் போனதே இல்லை. கொம்பியூட்டர்தான் மாறிக்கொண்டிருக்கிறது. "இப்ப வாற கேம் எல்லாம் சின்னப்பிள்ளையளுக்கு" என்று யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் புலம்பும்போது நானும் தலையாட்டுவதுண்டு. ஆனால் எது குறைந்தது என்று கேட்டால், ஆட்கள் முதலில் எண்களைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

எண்கள் குறைந்தது உண்மைதான். மொரோவிண்டில் 27 திறன்கள், ஒப்ளிவியனில் 21, ஸ்கைரிமில் 18. வலிமை, புத்தி, வேகம் என்று இருந்த 8 அடிப்படைப் பண்புகளை ஸ்கைரிம் தூக்கியே விட்டது. உயிர், மந்திரசக்தி, தெம்பு மூன்றோடு சரி. மொரோவிண்டில் இடத்தோளுக்கு ஒரு கவசம், வலத்தோளுக்கு வேறொரு கவசம் என்று தேடித்தேடிப் போட வேண்டும். இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. மொரோவிண்டின் சண்டையோ இன்னும் எரிச்சல்தான்: வாள் எதிரியின் உடம்புக்குள்ளால் போய் வருவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே பகடைபோல உருளும் கணக்கு "படவில்லை" என்று சொல்லிவிடும். அந்தச் சிக்கலைக் கழற்றி எறிந்தவர்களுக்கு நன்றி.

எனக்குக் குறையாகத் தெரிவது வேறொன்று. மொரோவிண்டின் தொடக்கத்தில் பல்மோரா என்ற ஊரில் ஒருவர், பழைய இடிபாடு ஒன்றிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்வார். ஊரை விட்டு வெளியேறு, கோட்டையைத் தாண்டு, பள்ளத்தின் மேல் உள்ள பழைய பாலத்தைக் கட என்று வாயால் வழி சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. திரையில் அம்புக்குறி எதுவும் முளைக்காது. போய்ச் சேர்ந்தால் கதவு திறக்காது. பக்கத்தில் குழாயில் இருக்கும் சுழல்பிடியைக் கண்டுபிடித்துத் திருப்ப வேண்டும். உள்ளே அந்தப் பெட்டி கையளவுதான். தட்டில் மற்றச் சாமான்களோடு சாமானாகக் கிடக்கும். பார்த்தும் பார்க்காமல் திரும்பி வந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால் "சந்தியில இறங்கி, பிள்ளையார் கோயிலடியால கிழக்க போங்கோ, ரெண்டாவது ஒழுங்கை, மதிலோட பெரிய வேம்பு நிக்கும்" என்பார்களே, மொரோவிண்ட் அப்படித்தான் பேசும். வேம்பைத் தேடிக்கொண்டு போகிறவனுக்கு வழியில் உள்ள மற்ற எல்லாமும் கண்ணில் படும். கதை நடக்கும் தீவின் பாதி ஊர்கள் இன்றும் எனக்கு மனப்பாடம். எந்தத் துறையிலிருந்து எந்த ஊருக்குப் படகு போகும், ராட்சதப் பூச்சியின் முதுகில் ஏறினால் எங்கே இறக்குவார்கள் என்பதும் தெரியும். ஸ்கைரிமை அதைவிட அதிக நேரம் விளையாடியிருக்கிறேன், வரைபடம் இல்லாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகச் சொன்னால் தடுமாறுவேன்.

இது எப்படி நடந்தது? மொரோவிண்டில் உரையாடல் பெரும்பாலும் எழுத்து. ஒரு பந்தி வழி சொல்ல எந்தச் செலவும் இல்லை. ஒப்ளிவியனில் கிட்டத்தட்ட எல்லாப் பேச்சுக்கும் குரல் கொடுத்தார்கள். நடிகர், ஒலிப்பதிவு, டிவிடியில் இடம் என்று ஒவ்வொரு வரிக்கும் செலவு வந்ததும் பேச்சு சுருங்கியது; சுருங்கிய இடத்தை நிரப்பத் திசைகாட்டியில் அம்புக்குறி வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். "பிடிக்காவிட்டால் அம்பை நிறுத்திவிட்டு விளையாடுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். ஸ்கைரிமில் செய்து பாருங்கள். "என் அப்பாவின் வாள் ஒரு குகையில் இருக்கிறது, எடுத்து வா" என்ற அளவோடு பல வேலைகள் முடிந்துவிடும். எந்தத் திசை, எந்த மலை, எந்த ஆறு, ஒன்றும் வராது. எழுதும்போதே அம்பை நம்பி எழுதியது, அம்பு இல்லாமல் ஓடாது.

தவறு செய்யும் உரிமையும் போய்விட்டது. மொரோவிண்டில் கதைக்கு வேண்டிய ஆளையே கொன்றுவிடலாம்; விதியின் இழை அறுந்தது, முன்பு சேமித்த இடத்துக்கு (சேவுக்கு) திரும்பிப் போ அல்லது நீ கெடுத்த உலகத்திலேயே இரு என்று ஒரு செய்தி வரும். ஒப்ளிவியனில் அப்படிப்பட்டவர்கள் மயங்கி விழுந்து, கொஞ்ச நேரத்தில் எழும்பி நிற்பார்கள்.

2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது, பழைய லப்டொப் பற்றரியில் தாக்குப்பிடித்தது மொரோவிண்ட் மட்டும்தான். அப்போது மருமகனையும் உட்கார வைத்தேன்.

"மாமா, எங்க போறதெண்டு இது காட்டுதில்லையே?"

"அவன் சொன்னதை வாசிச்சனியோ?"

வாசித்திருக்கவில்லை. பெடியன் மக்கு இல்லை. போனில் அவன் விளையாடும் கேமில் மூன்று வகைக் காசு, தினசரி வேலை, சீசன் பரிசு எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறான். எனக்கு அதில் பாதி விளங்காது. சிக்கல் ஒழியவில்லை, கேமுக்குள் இருக்கும் கடைப்பக்கம் குடிபெயர்ந்திருக்கிறது.

எல்லாமே இப்படி என்றும் சொல்ல முடியாது. எல்டன் ரிங் (2022) பக்கக்கதைகளுக்குக் குறிப்பேடே தராமல் விட்டது. பால்டர்ஸ் கேட் 3 (2023) டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிகளைப் பெரும்பாலும் அப்படியே கொண்டுவந்து கொட்டியது. இரண்டும் நன்றாக விற்றன. ஆக, ஆட்கள் யோசிக்க விரும்பவில்லை என்ற சாட்டு இனி எடுபடாது.

இப்போது மொரோவிண்ட் தொடங்குகிறவர்கள் அசல் கேமை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்எம்டபிள்யூ என்ற மென்பொருளில் ஓட்டுங்கள்; புதிய கணினிகளில் சிக்கல் குறைவு. ஆரம்பத்தில் ஓர் ஆயுதத்தைத் தேர்ந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு ஓடிக்கொண்டு போக வேண்டாம், தெம்பு இறங்கினால் உங்கள் அடி எதிரியில் லேசில் படாது. அப்புறம், பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொள்ளுங்கள்.