குழந்தைக்கு மயக்க மருந்து: செவோஃப்ளூரேனா, புரொபோஃபாலா?

டான்சில் ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும் நாலு வயதுக் குழந்தை சில நேரம் அம்மாவையே அடையாளம் தெரியாமல் உதைக்கும், கையில் குத்தியிருக்கும் ஊசியைப் பிடுங்கப் பார்க்கும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் அது ஒரு யுகம். இதை அளக்க 2004-ல் ‘பேட்’ என்ற அளவுகோல் வந்தது: கண்ணைப் பார்க்கிறதா, சுற்றுப்புறம் புரிகிறதா என ஐந்து அம்சம், மொத்தம் 20 மதிப்பெண்.

தூங்க வைக்க:
செவோஃப்ளூரேன் – மாஸ்க் வழியாக மூச்சிழுத்தால் போதும், ஊசி அப்புறம்.
புரொபோஃபால் – முதலிலேயே ரத்தக் குழாயில் ஊசி. மருந்து ஏறும்போது எரியும்.

விழிக்கும்போது:
செவோ – சட்டென்று விழிப்பு, ஆனால் கலவரம் அதிகம். வலிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வலியே இல்லாத எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பிறகும் இது வருகிறது.
புரொபோஃபால் – கலவரம் தெளிவாகவே குறைவு.

வாந்தி: புரொபோஃபாலில் குறைவு.

கருவி: செவோவுக்கு வேப்பரைசர் (திரவ மருந்தை ஆவியாக்கித் தருவது), புரொபோஃபாலுக்கு பம்ப் (மருந்தைச் சீராக ஏற்றுவது).

ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தைக்கு செவோதான் சரி. முன்பு ஒருமுறை விழிக்கும்போது ரகளை செய்த குழந்தை என்றால் நான் புரொபோஃபால் பக்கம். இரண்டும் வேண்டுமா? செவோவில் தூங்க வைத்து, முடிக்கும் நேரத்தில் கிலோவுக்கு 1 மி.கி. புரொபோஃபால் கொடுப்பவர்கள் உண்டு. விழிப்பு சில நிமிடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.