வாடகைக் கோட்டா, தைத்த சட்டையா: மாணவர் நுவார் படத்துக்கு உடையும் பொருளும் சேர்க்கும் வழிகள்

1956-ஆம் ஆண்டு மதராஸில் நடக்கும் ஒரு நுவார் திரில்லரை (குற்றமும் இருட்டும் நிழலும் நிறைந்த, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் எடுக்கும் படவகை) மாணவர்கள் எடுக்கப் போகிறார்கள் என்றால், உடைக்கும் பொருட்களுக்கும் மூன்று வழிகள் உண்டு. வடபழனி, சாலிகிராமம் பக்கத்து சினிமா வாடகைக் கடைகளில் எல்லாவற்றையும் எடுப்பது முதல் வழி. துணி வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பதும், சாமான்களைப் பழைய பொருள் கடைகளில் தேடி வாங்குவதும் இரண்டாவது. சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் இரவல் கேட்பது மூன்றாவது. எங்கள் இறுதியாண்டுப் படத்தின் கலைப் பொறுப்பு என்னிடம் இருந்தது. உடைகளைத் தைத்துக்கொண்டோம், கனமான சாமான்களையும் கைத்துப்பாக்கியையும் மட்டும் வாடகைக்கு எடுத்தோம். இன்னொரு படம் செய்தாலும் இதே வழியில்தான் போவேன். ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

காலத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948-இல். கள்ளச் சாராயமும் பெர்மிட்டும் போலீஸ் சோதனையும் கதைக்கு இயல்பாகவே இருட்டைத் தருகின்றன. 1953-இல் டிராம் நின்றுவிட்டதால், தெருக் காட்சியில் டிராம் எங்கே என்று யாரும் கேட்கப் போவதில்லை. புதிய காசு புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரலில்; ஆகவே மேசையில் கொட்டும் சில்லறை அணாவாகத்தான் இருக்க வேண்டும். இப்படி ஆண்டை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை குறைகிறது. "பழைய காலம்" என்று பொதுவாக வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதுதான் உங்கள் காலம்.

வாடகைக் கடையின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும், உடனே கிடைக்கும், படம் முடிந்ததும் வீட்டில் அடைத்துவைக்க வேண்டியதில்லை. காவலர் சீருடை, ராணுவ உடை, வக்கீல் அங்கி போன்றவற்றைத் தைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அவற்றுக்கு வாடகைதான் சரி. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காட்சி என்றாலும் வாடகையே மலிவு. இதில் வாதாட ஒன்றுமில்லை.

வாடகை தோற்கும் இடம் வேறு. ஒரே உடை இரண்டு மூன்று பிரதிகளாக வேண்டும். அது படத்தொகுப்பு முடியும் வரை நம் கையில் இருக்கவும் வேண்டும். நுவார் படத்தில் இந்த இரண்டையும் தவிர்க்க முடியாது.

நுவார் கதையில் உடை சும்மா இருப்பதில்லை. நாயகன் மழையில் நனைகிறான், சேற்றில் விழுகிறான், அடிபடுகிறான், இரத்தம் தோய்கிறது, விடியும் வரை அதே சட்டையோடு அலைகிறான். மழைக் காட்சியை ஒருமுறை எடுத்து, ஒளிப்பதிவாளர் "இன்னொரு டேக்" என்று சொன்னால், காய்ந்த சட்டை ஒன்று தயாராக இருக்க வேண்டும். சட்டை ஒன்றுதான் என்றால் அது காயும் வரை மொத்தக் குழுவும் உட்கார்ந்திருக்கும். கேமராவுக்கும் விளக்குக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். இரத்தக் காட்சி இன்னும் கடினம். கறை பட்ட பிறகு, கறை படாத முந்தைய காட்சியை எடுக்கவே முடியாது. மாணவர் படங்களில் காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பது அபூர்வம். இடம் எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் எடுக்கிறோம். ஆகவே முக்கியப் பாத்திரத்துக்கு மூன்று சட்டைகள்: சுத்தமானது ஒன்று, கறைக்கு ஒன்று, மாற்றாக ஒன்று. மூன்றும் ஒரே துணித் தானிலிருந்து வெட்டியவையாக இருக்க வேண்டும். வாடகைக் கடைகளில் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே அளவு பழசாகிய மூன்று சட்டைகளைக் கேட்டுப் பாருங்கள். கூட்ட நடனத்துக்கான உடைகள்தான் அப்படி அடுக்கடுக்காகக் கிடைக்கும்.

கறை, கிழிசல், அழுக்கு எதையும் வாடகைத் துணியில் செய்ய முடியாது. செய்தால் முன்பணம் போகும். ஆனால் நுவாருக்கு இந்த வேலைகள்தான் உயிர். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டை ஓரத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பல நாள் போட்ட சட்டையாகிவிடும். பளிச்சென்ற வெள்ளையைத் தேயிலைச் சாயத்தில் சிறிது நேரம் முக்கி எடுத்தால் அந்தக் கண்கூசல் போய்விடும். இது வெறும் பழமைக்காகச் செய்வதல்ல. ஒரே பக்கத்திலிருந்து கடுமையான விளக்கு விழும்போது தூய வெள்ளைத் துணி திரையில் வெறும் வெளிச்சமாக வெளுத்து நிற்கும். அதை அடக்க ஒளியைக் குறைத்தால் முகம் இருட்டில் போய்விடும். தேயிலை நீரில் முக்கிய சட்டை கறுப்பு வெள்ளையில் வெள்ளையாகவே தெரியும், முகமும் பிழைக்கும். கழுத்தில் வியர்வை வேண்டுமென்றால் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும். இத்தனையும் சொந்தத் துணியில் மட்டுமே நடக்கும்.

இரண்டாவது பிரச்சினை, திருப்பித் தரும் தேதி. மாணவர் படம் சொன்ன தேதியில் முடிவதில்லை. தேர்வு வரும், நடிகருக்கு வேறு வேலை வரும், இடத்துக்குச் சொந்தக்காரர் மனம் மாறுவார். படத்தொகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் "கதவைத் திறக்கும் கை ஒன்று குறைகிறதே" என்று தெரியவரும். அந்தக் கைக்குச் சட்டையின் முன்கையும் அதே பொத்தானும் வேண்டும். எங்கள் வகுப்பில் இன்னொரு குழுவுக்கு இது நேர்ந்தது. நாயகனின் கோட்டை வாடகைக்கு எடுத்து, முடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். விட்டுப்போன சில ஷாட்டுகளுக்காக மறுபடியும் கேட்டபோது அந்தக் கோட்டு வேறொரு படப்பிடிப்போடு வெளியூர் போயிருந்தது. எப்போது வரும் என்று கடையில் சொல்லவும் இல்லை. அவர்கள் அந்தக் காட்சியையே வெட்டினார்கள். நல்ல காட்சி அது. இன்னும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

பணத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, கோட்டும் சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த தொகுப்புக்கு நாள் வாடகை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துச்செல்லும் நாளையும் திருப்பும் நாளையும் கணக்கில் சேர்க்கும் கடைகள் உண்டு. ஆகவே ஆறு நாள் படப்பிடிப்பு எட்டு நாளாகும். அது 3,200 ரூபாய், ஒரே ஒரு பிரதிக்கு. முழுக்கைச் சட்டைக்கு 36 அங்குல அகலத் துணியில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் பிடிக்கும். சாதாரணப் பருத்தி பாப்லினை மொத்தமாக எடுத்துத் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்தால், அந்தப் பணத்துக்குள் மூன்று சட்டைகள் வந்துவிடும் என்பது என் அனுபவம். கோட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கோட்டுத் தையல் செலவு மிக்கது.

ஆனால் கோட்டு எதற்கு? நுவார் என்றதும் நீண்ட மழைக்கோட்டும் அகல விளிம்புத் தொப்பியும் என்று மனம் போகிறது. கடையிலும் "டிடெக்டிவ் செட்" கேட்டால் அதையே எடுத்து வைப்பார்கள். அது அமெரிக்கக் குளிர் நகரத்து உடை. 1956-இல் மயிலாப்பூரிலோ ஏழுகிணற்றிலோ உளவு பார்க்கும் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவன் தொழிலும் கெடும். முழுக்கைச் சட்டை, மேலேறிய இடுப்பும் மடிப்புகளும் அகலக் காலும் கொண்ட கால்சட்டை, அல்லது வேட்டி. ஐப்பசி மழைக்குக் கறுப்புக் குடை. தொப்பி செய்யும் வேலையைக் குடை செய்கிறது: முகத்தின் பாதியை மறைக்கிறது, சுவரில் பெரிய நிழலைப் போடுகிறது, ஆயுதத்தையும் ஒளித்துவைக்கிறது. குடை மலிவு, இரண்டு வாங்கலாம்.

கால்சட்டையைத் தைக்க வயதான தையற்காரர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது நல்லது. பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டினால் போதும்; இடுப்பு எங்கே நிற்க வேண்டும், அடிமடிப்பு எவ்வளவு என்று அவரே சொல்வார். ஜிப்புக்குப் பதில் பொத்தான் வைக்கச் சொல்லுங்கள். துணிக்குப் பாரிமுனை பக்கம் கோடவுன் தெருவில் சுற்றினால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். விளக்கு பட்டதும் மின்னிக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். மிக நெருக்கமான கோடுகளும் வேண்டாம். டிஜிட்டல் கேமராவில் அவை நெளியும். கடையிலேயே கைப்பேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றித் துணியைப் பாருங்கள். கண்ணுக்கு எதிரெதிராகத் தெரியும் சிவப்பும் பச்சையும் திரையில் ஒரே சாம்பலாகிவிடுவதுண்டு. ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், அடர்த்தியைப் பார்த்து வாங்குங்கள். இதே காரணத்தால் இரத்தத்துக்குச் சிவப்புச் சாயம் தேவையில்லை. சாக்லேட் பாகு கறுப்பு வெள்ளையில் இன்னும் நன்றாக விழும்.

பொருட்கள் விஷயத்தில் என் சாய்வு சற்றுக் குறைகிறது. கறுப்பு டயல் தொலைபேசி, மர மேசை, பெரிய வால்வு ரேடியோ போன்றவற்றை வாடகைக்கே எடுங்கள். அவை நனையப் போவதில்லை, கறைபடப் போவதில்லை, ஓர் அறைக் காட்சியோடு வேலை முடிந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருட்கள் வாங்கலாம்தான். ஆனால் மாணவர் செலவில் பயணமும் சுமைகூலியும் கட்டுப்படியாகாது. தட்டச்சுப் பொறிக்கு வாடகையும் வேண்டாம். தமிழ்நாட்டில் இன்னும் அரசுத் தட்டச்சுத் தேர்வு நடக்கிறது, பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. மரியாதையாகக் கேட்டால் பழைய ரெமிங்டன் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தர மனம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கதையில் வரும் மிரட்டல் கடிதத்தையும் அங்கேயே அடித்துக்கொள்ளலாம்.

கையில் எடுத்து நடிக்கும் சிறு பொருட்களை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் உடைக்குச் சொன்னதேதான். எங்கள் கதையில் சாராயம் மருந்துச் சீசாவில் கைமாறுகிறது. கம்பவுண்டர் கலந்து கொடுக்கும் பழைய மருந்துக் கலவைச் சீசா, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பக்கவாட்டில் ஒட்டிய வெட்டுக்காகிதப் பட்டையோடு. காலிச் சீசாக்களை வாங்கி, பட்டையை நாமே வெட்டி ஒட்டினால் உடைக்கவும் நிறைய இருக்கும்.

காகிதங்களை எந்தக் கடையும் சரியாகத் தராது. அவற்றை நீங்களேதான் செய்ய வேண்டும், கவனமாகவும் செய்ய வேண்டும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் லை, னை, ணை போன்றவை துதிக்கை வளைவோடும், றா, னா, ணா போன்றவை சுழியோடும் அச்சாயின. இன்றைய எழுத்துருவில் அடித்த செய்தித்தாளை நாயகன் விரித்துப் படித்தால், மூத்த பார்வையாளர் ஒருவர் அங்கேயே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். பெயர்ப்பலகைக்கும் இதுவே. தபால் உறையில் பின்கோடு இருக்கக் கூடாது. அது 1972-இல் வந்தது. கதைக்கென ஒரு கற்பனைப் பத்திரிகைப் பெயரைக் கையால் எழுதி அச்சடிப்பதே நல்லது.

இரவலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செலவே இல்லை என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் நினைக்கிறார்கள். பாட்டியின் பழைய பட்டுப் புடவை மடித்த இடத்தில் விட்டுப்போகும். ஒரு டேக்கிலேயே கிழியலாம், அதற்கு ஈடு கிடையாது. தாத்தாவின் கைக்கடிகாரம் பெரும்பாலும் எச்.எம்.டி.யாக இருக்கும், அந்த நிறுவனம் கடிகாரம் தயாரிக்கத் தொடங்கியதே 1961-இல்தான். கண்ணாடி, பித்தளைக் கூஜா, டிரங்குப் பெட்டி போன்றவற்றை இரவல் வாங்குங்கள். துணியை வேண்டாம்.

பெண் பாத்திரங்களின் உடை பற்றி நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். எங்கள் படத்தில் ஒரே ஒரு பெண் பாத்திரம், ஒரே நூல் சேலை, முழங்கை வரை இறங்கும் ரவிக்கை. சேலையை வாங்கினோம், ரவிக்கையை இரண்டாகத் தைத்தோம், போதுமாக இருந்தது. நடனக்காரி, நடிகை என்று பகட்டான உடை மாற்றங்கள் உள்ள கதையென்றால் வாடகைதான் முந்தும் என்று நினைக்கிறேன். வண்ணப் படத்திலும் என் கணக்கு மாறலாம். தேயிலைச் சாயமும் சாக்லேட் பாகும் அங்கே இப்படி உதவாது.

கைத்துப்பாக்கியை வாடகைக்கே எடுங்கள். பொம்மைக் கடைத் துப்பாக்கி நெருக்கக் காட்சியில் நிற்காது. சினிமாக் கடையின் டம்மிக்கு எடையும் உண்டு, நடிகரின் மணிக்கட்டு அந்த எடையைக் காட்டும். கடை ரசீதும் கல்லூரிக் கடிதமும் கையில் இருக்கட்டும். தெருவில் எடுப்பதாக இருந்தால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்பே எழுதிக் கொடுங்கள். இரவில், தெருவிளக்கடியில், துப்பாக்கியோடு ஓடும் இளைஞனைப் பார்ப்பவர்களுக்கு அது படப்பிடிப்பு என்று தெரியாது. கட்டுக்கட்டாகப் பணம் காட்ட வேண்டுமென்றால் நோட்டைப் போன்ற தாளை அச்சடிக்க நினைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். காக்கி உறையில் கட்டி, நூலால் சுற்றி, திறக்காமலே கைமாற வையுங்கள். எங்கள் படத்தில் அப்படித்தான் செய்தோம். பணத்தைக் காட்டியிருந்தால் அந்தக் காட்சிக்கு இவ்வளவு இறுக்கம் வந்திருக்காது.