காந்திபுரம் வகுப்பா, வீட்டு லேபா? சைபர் செக்யூரிட்டி அடிப்படை படிக்க எது தோது

கோவையில் சனி, ஞாயிறு நடக்கும் குறுகிய கால வகுப்பு ஒரு பக்கம். இணையத்தில் இலவசப் பாடமும் சொந்த லேப்டாப்பில் ஒரு லேபும் இன்னொரு பக்கம். புதிதாகப் படிக்க வருபவருக்கு என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

பாடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபிஷிங் (ஏமாற்று மெயில்), பாஸ்வேர்டு, ஃபயர்வால் (நெட்வொர்க் காவல்), என்க்ரிப்ஷன் (தகவலைப் பூட்டி அனுப்புவது) என்று இரண்டிலும் அதே தலைப்புகள்தான். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் அறிமுகப் பாடம் இலவசம், ஏறக்குறைய 6 மணி நேரத்தில் முடியும். அலைச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் வந்து, டவுன் பஸ் மாறிக் காந்திபுரம் சேர்வதற்குள் பாதிக் காலை போய்விடும்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது ஒரே விஷயம்: வகுப்பு முடிந்த மறுநாள் லேப் யாரிடம் இருக்கிறது?

வகுப்பில் மெஷின்கள் ஏற்கெனவே தயாராக இருக்கும். தாளில் உள்ள கமாண்டை அடித்தால் விடை வரும். ஏன் வந்தது, வராவிட்டால் எங்கே பார்ப்பது என்பது கையில் ஏறாது. அடுத்த பேட்ச் வந்ததும் அந்த மெஷினும் உங்களுடையதல்ல.

வீட்டில் 8 ஜிபி ரேம், 40 ஜிபி காலியிடம் இருந்தால் போதும். லேப்டாப்புக்குள்ளேயே வேறு மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காலி (Kali) லினக்ஸுக்கு 2 ஜிபி ரேமும், வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-க்கு 512 எம்பியும் ஒதுக்குங்கள். மெஷின் எழும்பவே மறுத்தால் பெரும்பாலும் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங்) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். அதை ஆன் செய்ய வேண்டும்.

அடுத்த சிக்கலில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மெஷினும் ஓடும், ஆனால் ஒன்றை ஒன்று பார்க்காது. இரண்டிலும் ஐபி (நெட்வொர்க் முகவரி) 10.0.2.15 என்றே காட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் தானாக வைக்கும் நாட் (NAT) என்ற நெட்வொர்க் அமைப்பு ஒவ்வொரு மெஷினையும் தனித்தனி அறையில் பூட்டி, எல்லா அறைக்கும் ஒரே கதவு எண்ணைக் கொடுப்பதால் வருவது இது. காலி லினக்ஸுக்கு இரண்டு நெட்வொர்க் அடாப்டர் கொடுங்கள்: முதலாவது நாட், இணையத்துக்கு, இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி (உங்கள் லேப்டாப்புக்குள் மட்டும் ஓடும் நெட்வொர்க்), லேபுக்கு. மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்கு ஹோஸ்ட்-ஒன்லி மட்டும். வழக்கமாக இரண்டுக்கும் 192.168.56 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். அவசரப்பட்டு, மெஷினை வெளி நெட்வொர்க்கிலேயே நேரடியாகச் சேர்த்துவிடும் பிரிட்ஜ்டு அமைப்பைப் போட்டுவிடாதீர்கள். பீளமேடு பக்கம் பிஜி விடுதியில் பொது வைஃபையில் இருந்தால், அந்த ஓட்டை மெஷின் அங்குள்ள எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.

இப்போது காலி லினக்ஸில், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் (தகவல் துண்டுகளை) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து இரண்டாவது அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள் (முதலாவதைத் தொட்டால் ஒன்றும் தெரியாது). மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்குள் டெல்நெட்டில் (என்க்ரிப்ஷன் இல்லாமல் இன்னொரு மெஷினுக்குள் நுழையும் பழைய வழி) நுழையுங்கள். பிடித்த பாக்கெட்டுகளில் டிசிபி ஸ்ட்ரீமை (அந்த இரு மெஷின்களின் முழு உரையாடலை) 'ஃபாலோ' செய்து பார்த்தால் யூசர் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டு முறை வரும், பாஸ்வேர்டு ஒரே முறை வரும். பெயரின் எழுத்துகளை எதிர்முனை திரும்ப அனுப்புகிறது, பாஸ்வேர்டை அனுப்புவதில்லை. அதனால்தான் இந்த வித்தியாசம். பாஸ்வேர்டு அப்படியே பச்சையாக ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், என்க்ரிப்ஷன் எதற்கு என்று இன்னொருவர் விளக்க வேண்டியதில்லை. அதையே, என்க்ரிப்ஷனோடு நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சில் செய்து ஒப்பிடுங்கள். புதிய காலி லினக்ஸ், பழைய மெஷினின் ஹோஸ்ட் கீயை (அந்த மெஷின் தன்னை அடையாளம் காட்டும் சாவி) ஏற்க மறுத்துப் பிழை காட்டும். அந்தச் சாவியின் பழைய ஆர்எஸ்ஏ (ssh-rsa) முறையை நீங்களாக அனுமதித்தால்தான் போகும். அந்தப் பிழையும் ஒரு பாடம்தான்.

4 ஜிபி லேப்டாப் என்றால் இதெல்லாம் திணறும். ஓவர்தவயர் தளத்தின் பாண்டிட் விளையாட்டுக்குப் போங்கள். அது இலவசம், எஸ்எஸ்ஹெச்சில் 2220 போர்ட் வழியாக நுழைந்தால் போதும். லினக்ஸ் கமாண்டுகள் படிப்படியாகக் கைக்கு வந்துவிடும்.

நேரடி வகுப்பே மேல் என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு காலி லினக்ஸ் எதற்கு? 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியை இதில் போடுங்கள்' என்று சப்ளையர் பெயரில் வரும் மெயிலை அடையாளம் காண்பதும், பணம் அனுப்புமுன் பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேட்பதும்தான் அவர்களுக்கு அடிப்படை. அதை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் ஆபீஸுக்கு வந்த மெயில்களையே வைத்துப் பழகுவது நல்லது. தனியாக உட்கார்ந்தால் மூன்றாம் நாளே கைவிடுகிறவருக்கும் வகுப்பு உதவலாம். ஆசிரியர் எப்படி அமைகிறார் என்பதைப் பொறுத்தது.

வீட்டு லேபுக்கு ஓர் எச்சரிக்கை. பழகுவது உங்கள் மெஷின்மீது மட்டும். பக்கத்து வீட்டு ரவுட்டரை 'சும்மா பார்த்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. அனுமதியில்லாமல் நுழைந்தாலே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இன்படி இழப்பீடு கட்ட நேரலாம். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வகுப்புதான் என்று முடிவெடுத்தவர்கள் ஃபீஸ் கட்டுமுன் இதைக் கேளுங்க: லேப் மெஷின்களின் காப்பியைப் பென் டிரைவில் தருவீர்களா, முதல் நாளே எங்கள் லேப்டாப்பில் எங்களையே அமைக்க விடுவீர்களா? இரண்டுக்கும் சரி என்றால் தாராளமாகச் சேரலாம்.