முன்னாள் படைவீரர் உதவிகள்: பட்டியலைப் பகிர்வதா, கேட்டுப் பெறுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ வாழும் ஒரு முன்னாள் படைவீரர் உதவி கேட்டுப் புறப்படும்போது, காவல் நிலையத்தில் முத்திரையிட்ட அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கு விவரமும் உறுதிமொழிப் பத்திரமும் கொண்ட ஒரு கோப்பு அவர் கையில் இருக்கும். வீடு, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, ஓய்வூதியம், ஈமச்செலவு எனப் பலவற்றையும் 2011ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் வாக்களிக்கிறது. ஆனால் அவற்றுக்கான சான்றுகள் வெவ்வேறு துறைகளிடம் கிடக்கின்றன. விண்ணப்பதாரரே காகிதம் சுமக்கும் இந்த வழியில், தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர் அறிந்திருப்பது ஒன்றே நன்மை.

இதற்கு மாற்றாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துறைகள் தங்கள் பட்டியல்களை மொத்தமாக நகலெடுத்து மற்றத் துறைகளுக்குக் கொடுப்பது. மற்றொன்று, பட்டியலை உரிய துறையிடமே விட்டுவிட்டு, தேவைப்படும்போது 13 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, "இவர் உயிருடன் இருக்கிறாரா?", "வருமானம் வரம்புக்குள் உள்ளதா?" என்று மட்டும் கேட்டுப் பதில் பெறுவது.

மொத்த நகல் விரைவானதாகத் தோன்றினாலும், எடுத்த நாளிலிருந்தே பழசாகத் தொடங்கிவிடும். 2020இல் 350 ரேண்ட் துயர்நீக்க உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களை வேலையின்மைக் காப்பீட்டு நிதியத்தின் தரவோடு ஒப்பிட்டபோது, அத்தரவு புதுப்பிக்கப்படாமல் இருந்ததால் வேலையிழந்த பலர் வேலையில் இருப்பவர்களாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்பட்டனர். கேட்டுப் பெறும் முறையில் பதில் மூலப் பதிவிலிருந்தே வருவதால், பிழையை அங்கே ஒருமுறை திருத்தினால் போதும். தேவைக்கு மேற்பட்ட விவரமும் இடம் மாறுவதில்லை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை, வருவாய்த் துறையிடமிருந்தும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடமிருந்தும் வருமான விவரத்தை நேரடியாகப் பெற்றுக்கொள்வதால், ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நிரப்பிய தகுதிப் படிவத்தைக் கைவிடுவதாக 2012 இறுதியில் அறிவித்தது. கணினி ஒப்பீட்டில் முரண் தெரிந்தாலும், அதைத் தனியே சரிபார்த்து, உரியவருக்கு அறிவித்து, மறுக்க வாய்ப்பளிக்காமல் உதவியை நிறுத்தக் கூடாது என்று அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் நாம் இரவல் வாங்க வேண்டியது இந்த விதியைத்தான். நமது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 71ஆம் பிரிவும், கணினி மட்டுமே எடுக்கும் முடிவுகளுக்கு, சில விதிவிலக்குகளோடு, வரம்பு விதிக்கிறது.

ஆயினும் அமெரிக்க முறை, சேவைப் பதிவேடு ஒன்று இருப்பதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. (அங்கேயும் 1973இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகம் தீப்பற்றி, 1.6 முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் சாம்பலாயின.) நம் நாட்டிலோ, நிறவெறி ஆட்சிக்கால அரசுப் படையில் பணியாற்றியவருக்குச் சம்பளப் பட்டியல் சாட்சி, அந்த ஆட்சியை எதிர்த்த விடுதலைப் படைகளான உம்கோந்தோ வே சிஸ்வேயிலோ அப்லாவிலோ தலைமறைவாக இயங்கியவருக்குப் பதிவு இல்லாமல் இருந்ததே பாதுகாப்பு. 1963இல் கைதாகிப் பத்தாண்டுகள் ரோபன் தீவுச் சிறையில் கழித்த உம்கோந்தோ வீரர் இந்திரஸ் நாயுடு போன்றவர்களுக்கு நீதிமன்ற ஆவணமாவது உண்டு. ஒருமுறைகூடப் பிடிபடாமல் ஆயுதம் மறைத்து வைத்தவருக்கு என்ன உண்டு? போதாக்குறைக்கு, நாடு கடந்து சென்றவர்கள் புனைபெயரில் வாழ்ந்தார்கள். இந்திய வம்சாவளியினரான நம் குடும்பப் பெயர்களோ, முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த காலத்திலிருந்தே எழுத்தர் கைக்கேற்ப மாறி, அண்ணன் நாயுடுவாகவும் தம்பி நாய்டூவாகவும் பதிவானார்கள். பெயரை வைத்துப் பொருத்தும் எந்தக் கணினியும் இங்கே தடுமாறும்.

ஆகவே வயது, வருமானம், இறப்பு ஆகியவற்றுக்குக் கேட்டுப் பெறும் முறையே சிறந்தது. அவற்றுக்காக ஒரு முதியவரை வரிசையில் நிறுத்துவதற்கு நியாயம் இல்லை. சேவையைப் பொறுத்தவரை, "ஆம்" என்ற பதிலை உடனே ஏற்கலாம். "பட்டியலில் இல்லை" என்ற பதிலை மட்டும் நிராகரிப்பாகப் பதியாமல், உடன் போராடியவர்களின் சாட்சியத்தைக் கேட்கக்கூடிய ஓர் அதிகாரியின் மேசைக்கு அனுப்ப வேண்டும்.