இலவச சட்ட உதவி: ஸ்டேஷனிலிருந்து அப்பீல் வரை ஒரு மதிப்பீடு

காசில்லாமல் அரசு வக்கீல் வைத்துக் கொடுக்கும் என்பது பலருக்கும் தெரியும். எந்தக் கட்டத்தில் அவர் தானாக வந்து நிற்பார், எந்தக் கட்டத்தில் நாம் போய்க் கேட்டால்தான் வருவார் என்பதுதான் தெரிவதில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சேவையைக் குற்ற வழக்கில் சிக்கியவர் பக்கம் நின்று பார்த்தால், விஷயமே இதில்தான் இருக்கிறது. சிறைக்குள் இந்தச் சேவை உருப்படியாக நடக்கிறது. ரிமாண்டில் வருகிற வக்கீலைப் பொறுத்தது. போலீஸ் ஸ்டேஷனில் பெரும்பாலும் காகிதத்தோடு சரி. குண்டாஸில், அதாவது விசாரணையில்லாமலே உள்ளே வைக்கும் குண்டர் தடுப்புச் சட்டத்தில், அரசமைப்பே கதவைப் பாதி சாத்தி வைத்திருக்கிறது.

முதலில், யாருக்குக் கிடைக்கும்? 'பரம ஏழைகளுக்கு மட்டும்' என்று நினைத்தே பலர் அந்தப் பக்கம் போவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12-ஐப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. கைதாகி உள்ளே இருப்பவர் லட்சாதிபதியாக இருந்தாலும் கேட்கலாம். மற்றவர்களுக்குத்தான் வரம்பு, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். வருமானத்துக்கு ஒரு பிரமாணப் பத்திரம் போதும் என்கிறது பிரிவு 13. அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்க முடியும். தாசில்தார் சான்று வாங்கி வா என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். மனு கொடுத்த 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் ஆணைக்குழுத் தலைவரான மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு உண்டு. வக்கீல் கட்டணம் மட்டுமல்ல. கோர்ட் ஃபீஸ், டைப்பிங், சான்று நகல் செலவும் இதில் அடக்கம்.

இனி ஸ்டேஷன். கைதானவர் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை அரசமைப்பின் 22(1)-இல் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்; கீழே வரும் பிரிவு 35, 48, 187, 479 எல்லாம் இதில்தான்) பிரிவு 38, விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது. விசாரணை முழுக்கப் பக்கத்தில் உட்கார முடியாது. கைதுக்கு முன்பும் கைதின்போதும் சட்ட உதவி தர தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2019-இல் ஒரு நடைமுறையே வகுத்திருக்கிறது. ஆனால் அதை ஓடவைக்க ஸ்டேஷனிலிருந்து யாராவது போன் போட வேண்டும். போலீஸ் போடுவது அபூர்வம். ஆக, வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. 15100 என்ற எண்ணுக்கோ மாவட்ட ஆணைக்குழுச் செயலாளர் அலுவலகத்துக்கோ பேசும்போது நாலு விஷயம் கையில் இருக்கட்டும்: எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், குற்ற எண் தெரிந்தால் அது, எந்தப் பிரிவு. 'பையனைக் காணோம்' என்று மட்டும் சொன்னால் அந்தப் பக்கம் எதுவும் நகராது.

கைதே ஆகாமல், போலீஸ் முன் ஆஜராகச் சொல்லிப் பிரிவு 35(3)-இன்படி நோட்டீஸ் வந்திருக்கிறதா? ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் சட்டென்று கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கிலும், அதையே இன்னும் கறாராக 2022-இல் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதால்தான் இந்த நோட்டீஸ்கள் இத்தனை வருகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்பது 2025 ஜனவரி உத்தரவு. இந்தக் கட்டத்திலேயே சட்ட உதவிக்கு மனு போடலாம். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான்.

ரிமாண்டுக்கு வருவோம். முதன்முறை நடுவர் முன் நிறுத்தும்போதே இலவச வக்கீல் உண்டு என்று நடுவர் சொல்லியாக வேண்டும். பீகாரில் கைதிகளின் கண்ணைப் பறித்த பாகல்பூர் வழக்கில் 1980 டிசம்பரில் வந்த கட்டளை இது. கைதானவர் கேட்கவில்லை என்பது சாக்கு ஆகாது என்று 1986-இல் சுக் தாஸ் வழக்கில் தண்டனையையே ரத்து செய்தார்கள். 2012-இல் கசாப் வழக்கில், வக்கீல் வேண்டுமா என்று கேட்டு ஏற்பாடு செய்யத் தவறும் நடுவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றார்கள். அதனால் இப்போது வக்கீல் இல்லாமல் ரிமாண்ட் நடப்பது குறைவு. வந்து நின்ற வக்கீல் வாய் திறக்கிறாரா என்பதுதான் அடுத்த கேள்வி.

நல்ல ரிமாண்ட் வக்கீலை ஐந்து நிமிடத்தில் அடையாளம் காணலாம். கைது நேரத்தைக் கைதுக் குறிப்பில் பார்ப்பார். நடுவர் முன் கொண்டுவந்த நேரத்தோடு கழித்துப் பயண நேரம் போக 24 மணி தாண்டியதா என்று கணக்குப் போடுவார். கைதுக்கான காரணங்கள் எழுத்தில் கொடுக்கப்பட்டனவா, எந்த மொழியில், நகலில் யார் கையெழுத்து என்று கேட்பார். பிரிவு 48-இன்படி உறவினருக்குச் சொன்னார்களா, யாருக்கு, எந்த எண்ணில்? மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் காயம் எழுதியிருக்கிறதா, கைதானவர் உடம்பில் இருப்பதோடு அது ஒத்துப்போகிறதா? ஏழாண்டுக்குள் வரும் குற்றமென்றால், ஏன் கைது அவசியம் என்று போலீஸ் நிரப்ப வேண்டிய காரணப் பட்டியல் எங்கே? இவற்றில் இரண்டைக்கூடக் கேட்காமல் ஆஜர் மட்டும் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போகிறவர்கள் உண்டு.

இதில் எழுத்துக் காரணம் என்கிற விஷயம் மூன்றே வருடத்தில் வெகுதூரம் வந்துவிட்டது. 2023-இல் பங்கஜ் பன்சல் வழக்கில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கு, 2024-இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் ஊபாவுக்கு (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்), 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் எல்லாக் குற்றங்களுக்கும். கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். அந்த நேரத்தில் முடியாவிட்டால் ரிமாண்டுக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டித் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை முதல் நாளிலேயே நடுவர் காதில் போட்டு, உத்தரவில் பதியச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால் 'அப்போதே ஏன் சொல்லவில்லை' என்ற கேள்வி வரும்.

சேவையின் தரம் உயர்ந்திருப்பதற்கு முக்கியக் காரணம் 2022-இல் வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை. முன்பெல்லாம் பேனல் வக்கீல்கள்தான். சொந்தக் கேஸ் போக மிச்ச நேரத்தில் இதைப் பார்ப்பார்கள். இப்போது மாவட்டத்தில் முழுநேர ஆட்கள்: 10 வருட அனுபவமுள்ள தலைமை வழக்கறிஞர், 7 வருட அனுபவத்தோடு துணை, அவர்களுக்குக் கீழே இளைஞர்கள். தனியாக வக்கீல் தொழில் செய்யக் கூடாது. ஒரே அலுவலகத்தில் இருப்பதால் ஒருவர் விடுப்பு போட்டாலும் வழக்குக் கட்டு இன்னொருவர் கையில் இருக்கிறது. குறைகளும் உண்டு. நமக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. கேஸ் சுமை அதிகம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும்தான், பாதிக்கப்பட்டவர் இன்னமும் பேனல் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

ஒதுக்கீடு ஆனதும் நியமனக் கடிதத்தின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். இந்தச் சேவையில் அடிக்கடி நடக்கும் கோளாறு, உள்ளே இருப்பவருக்கும் குடும்பத்துக்கும் வக்கீல் பெயரே தெரியாமல் மாதம் ஓடுவது. யாராவது 'செலவுக்கு' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செயலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் நீதித்துறை அதிகாரி, புகாரை ஓரங்கட்டுவது அவருக்கும் எளிதல்ல. வக்கீலை மாற்றக் கேட்கும்போது 'சரியில்லை' என்று எழுதினால் வேலைக்காகாது. எந்த வாய்தாவுக்கு வரவில்லை, எந்த மனு போடவில்லை என்று தேதியோடு எழுதுங்கள்.

இந்தச் சேவைக்கு மதிப்பெண் கூட வேண்டிய இடம் கட்டாய ஜாமீன். பிரிவு 187(3): மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்தில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. போதைப்பொருள் வழக்கில் வணிக அளவென்றால் 180 நாள். ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் கபில் வாதவன் வழக்கில் முடிவானது. மார்ச் 1 ரிமாண்ட் என்றால் 60-ஆவது நாள் ஏப்ரல் 29. குற்றப்பத்திரிகை வரவில்லையானால் ஏப்ரல் 30 காலையில் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். மனுவுக்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. மனு போட்டபிறகு போலீஸ் ஓடிவந்து தாக்கல் செய்தால் உரிமை நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து போன எம். ரவீந்திரன் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகமில்லாமல் சொல்லி, இது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர், சுதந்திர உரிமையின் பகுதி என்றது. ஆகவே முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் '61-ஆவது நாள் எந்தத் தேதி?' என்று கேளுங்கள். காலண்டரைப் பார்க்காமல் பதில் சொன்னால் உங்கள் அதிர்ஷ்டம். முழித்தால் நீங்களே எண்ணிச் சொல்லிவிடுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் விஷயத்தில் சிறைப் பக்கம் நன்றாகவே நடக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவின்படி ஜாமீன் உத்தரவு அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும்; 7 நாளில் விடுதலை ஆகாவிட்டால் அவர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும்; ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கோர்ட்டே முன்வரலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதற்கும் அதே உத்தரவு முட்டுக்கட்டை போட்டது. முதல்முறைக் குற்றவாளி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் பிரிவு 479-இன்படி அவரை ஜாமீனில் விட வேண்டும். பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்பது 2024 ஆகஸ்ட்டில் தெளிவானது. மரண, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. பலர் விழுவது இந்த இரண்டாவது விலக்கில்.

விசாரணைக் கட்டம் பற்றி ஒன்று மட்டும். அனோகிலால் வழக்கில் வக்கீல் நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனைந்து, மரண தண்டனை வரை போனது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஆயுளோ மரணமோ விதிக்கக்கூடிய வழக்கில் 10 ஆண்டு அனுபவமுள்ளவரைத்தான் தர வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்றது. கொலை வழக்கில் புதிய இளைஞரை மட்டும் அனுப்பினால் இந்தத் தீர்ப்பைச் செயலாளரிடம் காட்டலாம்.

குண்டாஸுக்குப் போனால் சேவை சுருங்கிவிடும். தடுப்புக் காவலில் இருப்பவருக்கு 22(1) தரும் வக்கீல் உரிமை, 22(2) சொல்லும் 24 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்துவது இரண்டும் இல்லை என்று அரசமைப்பின் 22(3) சொல்கிறது. 1950-இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தன் தடுப்புக் காவலை எதிர்த்துச் சென்னை மாநிலத்துக்கு எதிராகப் போட்ட வழக்கிலிருந்து இந்த இடம் இடறிக்கொண்டே இருக்கிறது. 1978-இல் மேனகா காந்தி வழக்கு 21-ஆம் பிரிவுக்கு உயிர் கொடுத்தபோதும் இந்த விலக்கு அப்படியே நின்றது. தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டமான 1982-ஆம் ஆண்டுச் சட்டம் 14-இன்படி காரணங்களை 5 நாளில் தர வேண்டும், 12 நாளில் அரசு ஒப்புதல், 3 வாரத்தில் காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கு, 7 வாரத்தில் அதன் அறிக்கை. உச்ச வரம்பு 12 மாதம். குழுமத்தின் முன் வக்கீல் வாதாட முடியாது. சட்ட உதவி இங்கே செய்யக்கூடியது இரண்டு: அரசுக்கு முறையீடு எழுதித் தருவது, உயர் நீதிமன்றச் சட்டப்பணிக் குழு வழியாக ஆட்கொணர்வு மனு போடுவது. மனு வெல்வது பெரும்பாலும் நடைமுறைக் கோளாறில்தான். முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், இணைப்புத் தாள் தெளிவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை. தமிழ் நகல் தராததற்காகவே 1999-இல் பவனம்மாள் வழக்கில் காவல் உத்தரவு ரத்தானது. எனவே கொடுத்த காகிதக் கட்டை ஒரு தாள் விடாமல் பத்திரப்படுத்துங்கள். முறையீடு அனுப்பிய பதிவுத் தபால் ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

அப்பீலில் பிரச்சினை காகிதம் கைமாறுவதில். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாக உடனே கிடைக்க வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், செஷன்ஸுக்கு 30 நாள். சிறையிலிருந்தே அப்பீல் அனுப்பலாம். உயர் நீதிமன்றக் குழு வக்கீல் வைக்கும். ஆனால் சாட்சி வாக்குமூலம், சான்றாவணங்கள் அடங்கிய கட்டு கீழமை வக்கீலிடமே கிடந்துவிடும், மேலே வாதாடுபவருக்குத் தீர்ப்பு மட்டும் போய்ச் சேரும். தண்டனை சொன்ன வாரத்திலேயே மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து முழுக் கட்டின் நகலை வாங்கி, மெட்ராஸோ மதுரையோ எந்தக் குழுவுக்குப் போகிறதோ அங்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.